பால்வீதி மையத்தின் தூசி வரைபடத்தை அரைகுறையாக்காதீர்கள்

தொலைநோக்கி நேர ஒதுக்கீட்டுக் குழுவுக்கும் தரவுக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

பால்வீதி மையத்தின் அகச்சிவப்புக் கணக்கெடுப்பின் அடுத்த சுற்றுக்கு நீங்கள் வகுத்திருக்கும் திட்டத்தில் நான்கு வெட்டுகள் இருக்கின்றன. 1.25 மைக்ரானில் உள்ள ஜே பட்டை (ஒரு குறிப்பிட்ட அலைநீள வடிகட்டியில் எடுக்கும் படங்கள்) முழுவதும் போகிறது. வெற்று வானத்தைத் தனியே எடுக்கும் படங்கள் போகின்றன. பொலிவு மிகுந்த விண்மீன்களுக்கான குறுநேரப் படங்கள் போகின்றன. நான்காவதாக, விண்மீன் வாரியான பட்டியலைக் காப்பகத்தில் வைக்காமல், பிக்சலுக்கு ஓர் எண் வீதம் முடிவான தூசி வரைபடத்தை மட்டும் வெளியிடுவது என்று முடிவாகியிருக்கிறது. முதல் மூன்றுக்கும் நேரச் சிக்கனத்தைக் காரணமாகச் சொல்கிறீர்கள்; நான்காவதற்குப் பயனர் வசதியை. நான்கும் சேர்ந்தால் மிஞ்சப்போவது யாராலும் சரிபார்க்க முடியாத ஒரு வரைபடம். அதை எங்களால் ஏற்க முடியாது.

பால்வீதி மையம் ஏறத்தாழ 8.2 கிலோபார்செக், அதாவது சுமார் 26,700 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இடையிலுள்ள தூசி கட்புல ஒளியை ஏறக்குறைய 30 பொலிவெண் (விண்மீன் ஒளியின் அளவுகோல்; எண் கூடினால் ஒளி குறைவு) அளவுக்கு மறைக்கிறது. ஒரு லட்சம் கோடி ஒளித்துகள்கள் புறப்பட்டால் ஒன்று வந்து சேரும் என்பது இதன் பொருள். 2.15 மைக்ரானில் உள்ள கே பட்டையில் அதே தூசியின் மறைப்பு சுமார் 2.4 பொலிவெண்தான், ஒன்பதில் ஒரு பங்கு ஒளி தப்பி வருகிறது. அங்கே நாம் அளக்கும் எதுவும், விண்மீனின் வயதோ, தொலைவோ, நிறையோ, இந்த மறைப்பைக் கழித்த பிறகுதான் பொருள் பெறுகிறது. கழிக்கும் எண் தவறினால் அதன் மேல் கட்டிய எல்லாம் தவறும்.

அந்த எண்ணை யாரும் நேரடியாக அளப்பதில்லை என்பதை உங்கள் திட்டம் கணக்கில் கொள்ளவில்லை. ஜே, கே இரண்டுக்கும் இடைப்பட்ட அலைநீளத்திலுள்ள எச் பட்டையிலும் கே பட்டையிலும் ஒரு விண்மீனின் பொலிவெண்ணை அளக்கிறோம். இரண்டின் வேறுபாடு அதன் நிறம். ரெட் கிளம்ப் எனப்படும், ஹீலியத்தை எரிக்கும் செம்பெரு விண்மீன்களுக்கு இயல்பான எச்-கே நிறம் சுமார் 0.1. பால்வீதி மையத்தில் அளந்தால் 1.9 அளவில் வருகிறது. மிகுதியான 1.8 தூசியால் வந்த சிவப்பேற்றம். இதுவரைதான் அளவீடு. இந்த 1.8 இலிருந்து கே பட்டையின் மொத்த மறைப்புக்குப் போக, அலைநீளத்தோடு மறைப்பு எப்படிக் குறைகிறது என்ற விதி வேண்டும். அண்மை அகச்சிவப்பில் அதை அடுக்கு விதியாக, அதாவது அலைநீளத்தின் ஓர் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் மறைப்பு குறைவதாக எழுதுகிறோம். அதன் அடுக்கு ஆல்பா.

கார்டெல்லி, கிளேட்டன், மாதிஸ் ஆகியோர் 1989 இல் கொடுத்த அடுக்கு 1.61. ஃபிரிட்ஸ் குழுவினர் 2011 இல், மையக் கருந்துளையைச் சுற்றியுள்ள 14 க்கு 20 விகலைப் (விகலை என்பது பாகையில் 3,600 இல் ஒரு பங்கு) பரப்பில், ஹைட்ரஜன் வாயுவின் அகச்சிவப்புக் கோடுகளை அதே வாயுவின் ரேடியோ உமிழ்வோடு ஒப்பிட்டு 2.11 என்று கண்டார்கள். ரேடியோ அலையைத் தூசி மறைப்பதில்லை. அதனால் அது விண்மீன்களின் இயல்பு நிறத்தைச் சார்ந்திராத அளவீடு. ஹாக்-ஐ கருவியால் 0.2 விகலைக் கூர்மையில் எடுத்த கலாக்டிக்நியூக்ளியஸ் கணக்கெடுப்பிலிருந்து எச்-கே இடைவெளிக்கு 2.23, ஜே-எச் இடைவெளிக்கு 2.44 என்ற மதிப்புகள் வந்தன.

இதே 1.8 சிவப்பேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கு 1.61 என்றால் கே பட்டை மறைப்பு 3.4 பொலிவெண். 2.11 என்றால் 2.4. ஒரு முழுப் பொலிவெண் வித்தியாசம். 8.2 கிலோபார்செக்கில் உள்ள விண்மீனைப் பழைய விதி 5.2 கிலோபார்செக்கில் கொண்டுவந்து நிறுத்திவிடும். 1.61 ஐ இன்று யாரும் பயன்படுத்துவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி, 2.11 க்கும் 2.23 க்கும் உள்ள வித்தியாசத்தையே பாருங்கள்: 0.17 பொலிவெண், தொலைவில் சுமார் 8 விழுக்காடு, அதாவது 650 பார்செக். பால்வீதி மையத்தைச் சூழ்ந்த அடர்ந்த வாயுப் பகுதியான மைய மூலக்கூறு மண்டலத்தின் ஆரமே 200, 250 பார்செக்தான். விதியில் இவ்வளவு சிறிய ஐயம் இருந்தாலே ஒரு பொருளை அந்த மண்டலத்தின் உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று தெரியாமல் போகும்.

ஜே பட்டையை நாங்கள் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இதுதான். எச், கே என்ற இரண்டு பட்டைகளில் ஒரே ஒரு நிறம்தான் கிடைக்கும். ஒரு நிறத்தை வைத்துக்கொண்டு தூசியின் அளவு, தூசியின் விதி இரண்டையும் கண்டுபிடிக்க வழியில்லை. மூன்றாவது பட்டை வந்தால் இரண்டு நிறங்கள். ஜே-எச் நிறத்தை எச்-கே நிறத்துக்கு எதிராக வரைந்தால் விண்மீன்கள் விழும் சாய்வே விதியைக் காட்டிக்கொடுக்கும். ஓரிடத்தில் அந்தச் சாய்வு மாறினால் அங்கே தூசியின் தன்மை வேறு என்றோ, ஒளியளவீட்டில் பிழை என்றோ தெரிந்துகொள்ளலாம். ஜே இல்லாவிட்டால் இரண்டும் தெரியாது. பிழை தூசியாகி வரைபடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஜே பட்டை செலவு மிக்கது என்பதை மறுக்கவில்லை. மையத்திலுள்ள ரெட் கிளம்ப் விண்மீன் கே பட்டையில் 15.4 பொலிவெண் அளவில் இருக்கும். எச் பட்டையில் 17.3; ஜே பட்டையில் 21 ஐத் தாண்டும். அதே விண்மீனுக்கு ஜே பட்டையில் பல மடங்கு நேரம் ஆகிறது. எல்லாப் புலங்களிலும் ஜே கேட்பது நியாயமாகாது என்றால் அதைப் பேசலாம். ஓர் இடத்திலும் வேண்டாம் என்பது பேச்சுக்கே இடமில்லாத முடிவு.

அடுத்து வெற்று வானம். அண்மை அகச்சிவப்பில் வானம் தானே ஒளிர்கிறது. எச் பட்டையில் மேல் வளிமண்டலத்தின் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள், கே பட்டையில் வளிமண்டலத்தின், தொலைநோக்கியின் வெப்பம். இந்த ஒளிர்வு நிமிடக் கணக்கில் மாறுகிறது. வழக்கமான புலங்களில் தொலைநோக்கியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொரு பிக்சலிலும் இடைநிலை மதிப்பை எடுத்தால் விண்மீன்கள் மறைந்து வானம் மட்டும் மிஞ்சும். பால்வீதி மையத்தில் இந்த உத்தி தோற்றுப்போகும். அங்கே எந்தப் பிக்சலை எங்கே நகர்த்தினாலும் ஏதாவதொரு விண்மீனின் மேல்தான் விழும். இடைநிலை மதிப்பில் விண்மீன் ஒளியின் ஒரு பங்கு தங்கிவிடும். அதை வானம் என்று நம்பிக் கழித்தால் படத்தில் விண்மீன் வடிவிலேயே கருந்திட்டுகள் விழும். அந்தத் திட்டுகளுக்குள் சிக்கிய மங்கலான விண்மீன்கள் காணாமல் போகும், அல்லது இன்னும் மங்கித் தெரியும். ஒவ்வொரு பட்டையிலும் இது வேறு அளவில் நடப்பதால் நிறம் கெடுகிறது.

இதற்குத் தெரிந்த தீர்வு ஒன்றுதான். அருகிலுள்ள அடர்ந்த இருண்ட மேகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பின்னணி விண்மீன்களை அதுவே மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், புலத்தை எடுத்த கையோடு வானத்தையும் எடுப்பது. மாலையில் ஒருமுறை, அதிகாலையில் ஒருமுறை எடுத்து நடுவில் இட்டு நிரப்புவது பயனில்லை. வானம் அதற்குள் பலமுறை மாறியிருக்கும். நீங்கள் வெட்டியிருப்பது இந்தப் படங்களைத்தான்.

குறுநேரப் படங்கள் மொத்த நேரத்தில் மிகச் சிறிய பங்கு. எட்டு மீட்டர் வகைத் தொலைநோக்கியில் வழக்கமான வெளிப்பாட்டு நேரத்தில் கே பட்டையில் சுமார் 11 பொலிவெண்ணைவிடப் பொலிவான விண்மீன்கள் உணரியைத் தெவிட்டச் செய்துவிடும், அதாவது அளக்க முடியாதபடி நிரப்பிவிடும். அவை போனால் போகட்டும் என்று தோன்றலாம். ஆனால் அளவுத்திருத்தம் அவற்றின் மேல்தான் நிற்கிறது. நம் பொலிவெண்ணின் சுழிப் புள்ளியை, அதாவது அளவுகோலின் தொடக்க மதிப்பை, 2மாஸ் போன்ற பழைய பட்டியல்களோடு பொருத்துகிறோம். 2மாஸ் 1.3 மீட்டர் தொலைநோக்கிகளால், 2 விகலைப் பிக்சலால் எடுத்தது. மையத்தின் நெரிசலில் அதில் மங்கலான விண்மீன்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருக்கின்றன; பொலிவு மிகுந்த, தனித்து நிற்கும் விண்மீன்களைத்தான் நம்பலாம். நம் படத்தில் தெவிட்டாத விண்மீன்களும் 2மாஸில் கலக்காத விண்மீன்களும் சந்திக்கும் பொலிவு எல்லை மிகக் குறுகலானது. குறுநேரப் படங்களை நீக்கினால் அந்த எல்லை ஏறத்தாழ மூடிப்போகும். நான்கு உணரிகள் கொண்ட கருவியில் ஓர் உணரிக்கும் அடுத்ததற்கும் எச்-கே நிறத்தில் 0.03 வித்தியாசம் தங்கினாலே போதும். மறைப்பு வரைபடத்தில் 0.04 பொலிவெண் உயரத்தில் நேர்கோட்டு விளிம்பு ஒன்று தெரியும். இயற்கையின் மேகங்களுக்கு நேர்கோட்டு விளிம்பு கிடையாது. அப்படி ஒன்றைக் கண்டால் தவறு என்று புரிந்துவிடும். சுழிப் புள்ளி பரப்பெங்கும் மெல்ல நழுவினால் யாருக்கும் புரியாது.

நான்காவது வெட்டுதான் எங்களை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது. வரைபடம் எப்படி உருவாகிறது என்பதைச் சொன்னால் காரணம் விளங்கும். முதலில் எச்-கே நிறம் சுமார் 1.3 க்குக் குறைவான விண்மீன்களை நீக்குகிறோம்; அவை நமக்கும் மையத்துக்கும் இடையே உள்ள வட்டத்தட்டு விண்மீன்கள். பிறகு ஒன்று அல்லது இரண்டு விகலை அளவுள்ள பிக்சல் ஒவ்வொன்றுக்கும், 10 அல்லது 12 விகலை ஆரத்துக்குள் அருகிலிருக்கும் 5 முதல் 10 விண்மீன்களை எடுத்து, தொலைவுக்கேற்ப எடை கொடுத்துச் சராசரி காண்கிறோம். தன் தூசி உறையால் சிவந்த முதிய விண்மீன்களும், இயல்பிலேயே நீலமான இளம் விண்மீன்களும் சராசரியை இழுக்கும். விலகி நிற்பவற்றைக் களைய வேண்டும். ஐந்து விண்மீன்கூடக் கிடைக்காத பிக்சலை வெறுமையாக விட வேண்டும்.

இந்த முறைக்கு உள்ளார்ந்த குறை ஒன்று உண்டு. தூசி எங்கே மிக அடர்த்தியோ அங்கேதான் அது மிகக் குறைத்துச் சொல்லும். செங்கல் என்று அழைக்கப்படும் ஜி0.253+0.016 மேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனைப் போல ஒரு லட்சம் மடங்கு நிறை. அதன் ஊடாகக் கட்புல மறைப்பு 100 பொலிவெண்ணை ஒட்டியது. கே பட்டையிலும் பின்னாலிருக்கும் விண்மீன்கள் தெரியாத அளவு. அங்கே நம் பட்டியலில் வரும் சில விண்மீன்களும் மேகத்துக்கு முன்னால் நிற்பவை. அவற்றைச் சராசரி செய்தால் மேகத்தின் நடுவில் கே பட்டையில் 2 பொலிவெண்ணை ஒட்டிய சாதாரண மறைப்பு வரும். விளிம்பில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதாவது அடர்ந்த மேகம் வரைபடத்தில் ஓட்டை போட்ட வளையமாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை விண்மீன்கள் பயன்பட்டன, எவ்வளவு தூரத்தில் இருந்தவை, அவற்றின் நிறங்கள் எவ்வளவு சிதறியிருந்தன என்பது தெரிய வேண்டும். நீங்கள் தரப்போவது அதில் எதுவும் இல்லாத ஓர் எண். வெறுமையான பிக்சல்களைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து இட்டு நிரப்பி 'முழுமையான' படமாகத் தருவதாகவும் திட்டம் சொல்கிறது. அது இல்லாத அளவீட்டை உருவாக்குவது.

இதே மேகத்தின் தொலைவைப் பற்றி நடந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். 2021 இல் வந்த ஓர் ஆய்வு விண்மீன்களின் ஒளியளவீட்டிலிருந்து அது 7.2 கிலோபார்செக்கில், மைய மண்டலத்துக்கு வெளியே, நம் பக்கம் இருப்பதாகச் சொன்னது. 2022 இல் விண்மீன்களின் இயக்கத்தை வைத்துச் செய்த ஆய்வு அது மைய மண்டலத்தில்தான் இருக்கிறது என்று காட்டியது. விண்மீன் விண்மீனாகப் பட்டியல் கையில் இருந்ததால்தான் இந்தக் கேள்வியை எழுப்பவும் முடிந்தது, மறுக்கவும் முடிந்தது. முடிவான வரைபடம் மட்டும் இருந்திருந்தால் அதில் எழுதியிருப்பதை நம்புவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. மையத்தின் விண்மீன் வட்டில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட விண்மீன்கள் 800 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிறந்தவை என்ற முடிவும் இப்படிப்பட்ட பட்டியலிலிருந்து வந்ததே. மறைப்பை விண்மீனுக்கு விண்மீன் நீக்கி, ரெட் கிளம்ப் கொத்தின் பொலிவுப் பரவலைக் கூர்மையாக்கியதால்தான் அந்த வயது தெரிந்தது.

தூசி உமிழ்வை வைத்து இந்தக் குறையை ஈடுகட்டலாமே என்ற பதில் வரும் என்று தெரியும். ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி 70 முதல் 500 மைக்ரான் வரை மையத்தைப் படமெடுத்தது. 2011 இல் முறுக்கிய வளையம் ஒன்றை, சுமார் மூன்று கோடிச் சூரிய நிறையோடு, காட்டியது. அந்தத் தரவு இல்லாமல் நாங்கள் வேலை செய்வதில்லை. ஆனால் உமிழ்வு பார்வைக் கோட்டில் உள்ள எல்லாத் தூசியையும் கூட்டிச் சொல்லும், விண்மீனுக்கு முன்னாலும் பின்னாலும். மறைப்பு விண்மீனுக்கு முன்னால் உள்ளதை மட்டும் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் மேகம் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று தெரியும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

மேலும் உமிழ்விலிருந்து நிறைக்குப் போக வெப்பநிலை வேண்டும். 870 மைக்ரானில் 20 கெல்வினை 30 என்று வைத்தால் நிறை 1.75 மடங்கு குறையும். 250 மைக்ரானில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வெப்பநிலையைக் காண எல்லா அலைநீளப் படங்களையும் 500 மைக்ரானின் 36 விகலைக் கூர்மைக்கு மழுக்க வேண்டும். மையத்தின் தொலைவில் அது 1.4 பார்செக். விண்மீன்களிலிருந்து வரும் மறைப்பு வரைபடம் அதைவிடப் பல மடங்கு கூர்மை. மையப் பகுதியின் அடர்ந்த மேகமான சாஜிட்டேரியஸ் பி2 வின் நெஞ்சில் ஹெர்ஷல் உணரிகளே தெவிட்டிவிட்டன.

அந்தக் கதவுகளும் மூடிவிட்டன. ஹெர்ஷலின் குளிர்ஹீலியம் 2013 இல் தீர்ந்தது. ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி 2020 சனவரியில் நிறுத்தப்பட்டது. சோஃபியா விமானத் தொலைநோக்கியின் கடைசி அறிவியல் பறப்பு 2022 செப்டம்பரில். 2025 இல் நிறுத்தப்பட்ட கையா விண்கலத்தின் உணரிகள் கட்புல ஒளிக்கானவை. 30 பொலிவெண் மறைப்பை அவற்றால் ஊடுருவ முடியவில்லை. தொலை அகச்சிவப்பில் காப்பகத்தில் உள்ளதுதான் இன்றைய கையிருப்பு. அதோடு ஒப்பிட்டுப் பார்க்க, தரையிலிருந்து புதிதாக எடுக்கக்கூடிய அண்மை அகச்சிவப்பு ஒளியளவீட்டை இந்தச் சுற்றில் கெடுத்துக்கொண்டால் பின்னால் சரிசெய்வதற்கு அதே இரவுகளை மீண்டும் செலவிட வேண்டியிருக்கும். அதைச் சிக்கனம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

எனவே பின்வருவனவற்றைக் கேட்கிறோம்.

ஜே பட்டையைக் குறைந்தது மூன்றில் ஒரு பங்குப் புலங்களிலாவது மீட்டுத் தாருங்கள். எந்தப் புலங்கள் என்பதில் எங்கள் பரிந்துரை: மையக் கருந்துளையைச் சுற்றிய புலம் கட்டாயம், ஏனெனில் வாயுக் கோடுகளிலிருந்து வந்த விதியோடு ஒப்பிட அந்த இடம்தான் உண்டு, செங்கல் மேகத்தின் விளிம்புகள், மறைப்பு குறைவான சில புலங்கள். நேரம் போதாவிட்டால் கே பட்டையில் ஆழத்தை, அதாவது எட்டக்கூடிய மங்கல் எல்லையைச் சற்றுக் குறைத்து ஈடுகட்டுங்கள். ரெட் கிளம்புக்குக் கீழே அங்கே போதிய இடம் இருக்கிறது.

வெற்று வானப் படங்களை ஒவ்வொரு புலத்தோடும், ஒவ்வொரு பட்டையிலும் திரும்பச் சேருங்கள். குறுநேரப் படங்களை எச், கே இரண்டிலும் எல்லாப் புலங்களுக்கும் எடுங்கள்.

காப்பகத்தில் விண்மீன் வாரியான பட்டியலை வையுங்கள்: இடம், ஒவ்வொரு பட்டையின் பொலிவெண், அதன் பிழை, தெவிட்டல் குறி. செயற்கை விண்மீன்களைப் படத்தில் இட்டு மீட்டெடுத்து, எவ்வளவு பங்கு விண்மீன்கள் பிடிபடுகின்றன என்று கண்ட முழுமை வரைபடமும் கூடவே வேண்டும். மறைப்பு வரைபடத்தை மறைப்பாக வெளியிடாமல், முதலில் சிவப்பேற்ற வரைபடமாக வெளியிடுங்கள். விதியைத் தேர்ந்தெடுப்பது பயன்படுத்துபவரின் பொறுப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு பிக்சலுக்கும் பயன்பட்ட விண்மீன் எண்ணிக்கை, மிகத் தொலைவான விண்மீனின் தூரம், நிறச் சிதறல் ஆகிய மூன்றையும் தனி அடுக்குகளாகத் தாருங்கள். வெறுமையான பிக்சலை வெறுமையாகவே விடுங்கள். பதப்படுத்தாத மூலப் படங்களை அழிக்காதீர்கள்.

பால்வீதி மையம் நள்ளிரவில் உச்சிக்கு வருவது சூன் மாத வாக்கில். அதற்குரிய இரவுகளின் அட்டவணையை நீங்கள் உறுதிசெய்வதற்கு முன், இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றையும் ஏற்கிறீர்களா, மறுத்தால் எந்தக் கணக்கின் அடிப்படையில் என்பதை எழுத்தில், எல்லோரும் படிக்கும்படி தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பால்வீதி மையத்தின் தூசியை வரைபடமாக்கும், அந்த வரைபடங்களைப் பயன்படுத்தும் ஆய்வாளர்கள்